முறிந்த முதுகும் வயிற்றுக்குள் குடியிருப்பவர்களும்

ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு, நடுவில் ஓட்டை வைத்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் வயிற்றின் தயவுக்காகக் காத்திருப்பேன். சில நாள் அரை மணி நேரத்தில் வேலை முடியும். சில நாள் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. முக்க முடியாது, அடக்க முடியாது, வந்துவிட்டதா என்பதும் தெரியாது. மூக்குதான் தகவல் சொல்லும். அதனால் பின்வழியாக ஒரு மாத்திரையை வைத்து, கால் மணி நேரம் பொறுத்து, ரப்பர் கையுறை மாட்டிய விரலால் உள்ளே மெல்ல வட்டமிட்டுக் குடலை எழுப்ப வேண்டும். என் அப்பா கெடா மாநிலத்தில் சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்க ரப்பர் மரம் சீவியவர். அந்தப் பால் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவன். அது சம்பளத்துக்கு. வெள்ளி, சனிகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எல்லாவற்றிலும் மைக் பிடிப்பேன். பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி வரை எந்த டேவான் மண்டபத்தில் எந்த மின்விசிறி சத்தம் போடும் என்பது எனக்கு மனப்பாடம். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வது, மாமனாரைச் சிரிக்க வைப்பது, சாப்பாடு தாமதமானால் கூட்டத்தைப் பிடித்து வைப்பது, இதெல்லாம்தான் நான் கற்ற வித்தை.

நாலு வருடத்துக்கு முன் செமிலிங்கில் ஒரு கோயில் திருவிழாவுக்கு மரத்தில் ஒலிபெருக்கி கட்டினோம். சவுண்ட் சிஸ்டம் வைத்திருக்கிற அண்ணன், பல வருடமாக என்னோடு தொழில் செய்கிறவர், "ஏறாதே, ஆள் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே பெண்கள் கூட்டமாக மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் மரம் ஏற வேறு காரணம் வேண்டுமா? ஏறினேன். ஒலிபெருக்கியைக் கட்டி முடித்தேன். அது இறுக்கமாக நின்றது. நான்தான் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் கால்களைத்தான் பார்த்தார்கள். போர்வையைத் தூக்கி, கால் கட்டைவிரலைக் கிள்ளி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார்கள். வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதுகுத் தண்டு அடிபட்ட அன்றே என் குடலும் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. டாக்டர் காலையில் வந்ததும் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்பார். ஒரு சத்தமும் இருக்காது. "காத்து போச்சா?" என்பார். ஐந்தாம் நாள் அது போனபோது பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எனக்காகக் கை தட்டினார். என் நிகழ்ச்சிகளில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான கைதட்டல் அதுதான்.

வீட்டுக்கு வந்த முதல் வருடத்திலேயே ஒரு தப்பு செய்தேன். கோயில் மண்டபத்தில் யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாணம். முன்வரிசையில் என் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிவதற்கு முன்பே என்னைச் சுற்றியிருந்தவர்களின் மூக்குக்குத் தகவல் போய்விட்டது. மரியாதையாக எழுந்து, மரியாதையாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வரிசை காலி. மேடையில் நின்று ஆயிரம் பேரைக் கட்டிப்போட்டவன் உட்கார்ந்தபடியே இரண்டு வரிசையைக் கலைத்தேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. மைக்கையும் தொடவில்லை.

இந்த வருடம் சவுண்ட் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, பசியாறிட்டியா?"

"ஆச்சுண்ணே."

"பீடோங்ல கல்யாணம் ஒன்னு இருக்கு. பொண்ணோட அப்பா நம்ம பழைய தோட்டத்து ஆளு. மைக்குக்கு நீதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"எனக்கு வயிறு சரியில்லண்ணே."

"கல்யாணம் ஆறு வாரம் கழிச்சுலா. அது வரைக்குமா வயிறு சரியில்லாம இருக்கும்?"

"நாலு வருசமா சரியில்லண்ணே."

போனை வைத்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அன்று மதிய ஷிப்டு.

"ஏங்க, பயமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பயமெல்லாம் இல்ல."

"இந்த வீட்டுல நீங்க கொசு அடிக்கிறதுக்குக்கூட அறிவிப்பு குடுக்கிறீங்க. நான் குளிச்சிட்டு வந்தா வரவேற்புரை. சோறு வெந்தா நன்றியுரை. நாலு வருசமா நான் ஒருத்தியே கூட்டமா உக்காந்து கேக்கிறேன். போயி நானூறு பேருக்குப் பேசிட்டு வாங்க. எனக்கும் கொஞ்சம் லீவு வேணும்."

அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டு வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் எனக்குப் பெரிய சந்தோஷம். பிறகு அந்த இரண்டு காலி வரிசைகள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. கல்யாணத்தில் மூன்று மணி நேரம் மைக்கோடு, எல்லாருக்கும் நடுவில், அந்த மாதிரி ஒன்று நடக்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த வாரமே சிறுநீரில் கிருமி வந்தது. எங்களுக்கு இது புதிதல்ல. குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கிற யாருக்கும் வருகிற விருந்தாளிதான். காய்ச்சல், கலங்கிய சிறுநீர், ஏழு நாளைக்கு மாத்திரை. சிறுநீர் தெளிந்தது, வயிறு கெட்டது. முதலில் மூன்று நாள் தண்ணீராய்ப் போனது. பிறகு ஐந்து நாள் ஒன்றுமே இல்லை. வயிறு மத்தளம் போல உப்பியது. வயிறு உப்ப உப்ப, உணர்ச்சியே இல்லாத என் கால்கள் இரண்டும் தானாகத் துள்ளத் தொடங்கின. ஒரு நாள் வலது கால் துள்ளி மனைவியின் தேநீர்க் குவளையைத் தட்டிவிட்டது. "நடக்கத்தான் மாட்டேங்குது, உதைக்க மட்டும் தெரியுது" என்றாள். சிரிக்க வேண்டிய இடம்தான். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. வானொலி அறிவிப்பாளர்கள் மேல்கூடக் கோபம் வந்தது.

முதுகுத் தண்டு அடிபட்டவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். பினாங்குக்காரப் பெண். என்னைவிடப் பத்து வயதுதான் குறைவாக இருக்கும், ஆனாலும் எனக்கு "அங்கிள்" பட்டம் கொடுத்துவிட்டார். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அங்கிள், தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

"ரசஞ்சோறு. கோழி. கிரீம் பிஸ்கட். கோப்பி ஓ."

"கீரை?"

"ஆகாது."

"தயிர்? பழம்?"

"முதுகு அடிபட்டவனுக்குக் குளிர்ச்சி ஆகாதுன்னு சொன்னாங்க டாக்டர். வாயு போயி தண்டுல ஏறிக்குமாம்."

"யார் சொன்னா?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள். உண்மையில் அது அவள் தப்பு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று எங்கள் வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் ஆளுக்கு ஒன்றாகத் தடை போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் தயிரை நிறுத்தினார், ஒருவர் வாழைப்பழத்தை நிறுத்தினார், ஒருவர் முருங்கைக்கீரைக்கே தடை விதித்தார். கடைசியில் மிஞ்சியதுதான் ரசமும் பிஸ்கட்டும்.

"சரி, நீங்க பிஸ்கட் சாப்பிட்டாச்சு. உள்ள இருக்கிறதுங்க என்ன சாப்பிடும்?"

"உள்ளயா? யாரு டாக்டர்?"

"கோடிக்கணக்குல பாக்டீரியா. நல்ல கிருமிங்க. உங்க குடல்லதான் குடியிருக்கு."

மனைவி கையைப் பிசைந்தாள். "கிருமியா? மருந்து குடுங்க டாக்டர்."

"மருந்து குடுத்துத்தான்மா பாதி செத்துப் போச்சு" என்றார் டாக்டர்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார். தோட்டத்தில் வேலை செய்தவன் என்று அட்டையில் பார்த்திருப்பார் போல.

"அங்கிள், மூளைதான் ஆபீசுன்னு வச்சுக்குங்க. முதுகுத் தண்டு போன் ஒயரு. குடலு தோட்டம். ஒயரு அறுந்து போச்சு. ஆபீசுல இருந்து ஆர்டர் வரல. தோட்டத்துல வேலை நிக்கல, ஆனா ரொம்ப மெதுவாயிடுச்சு. குலையெல்லாம் வெட்டுன எடத்துலயே கிடந்து அழுகுது. அழுகலத் தின்னு வளர்ற ஆளுங்க பெருகிட்டாங்க. நார்ச்சத்தைத் தின்னு குடலோட சுவத்தப் பாத்துக்கிற நல்ல ஆளுங்க கொறஞ்சுட்டாங்க."

"காலையில பெரட்டுக்கு ஆள் வரல" என்றேன். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம்.

"அதேதான். இதுக்கு நடுவுல மூத்திரக் கிருமிக்கு மருந்து போட்டீங்க. அந்த மருந்துக்கு யாரு நல்ல ஆளு, யாரு கெட்ட ஆளுன்னு தெரியாது. எல்லாரையும் அடிக்கும். ஆனா அதுக்காக மருந்த நிறுத்தக் கூடாது, அது வேணும். சுவரு பலவீனமாச்சுன்னா உள்ள இருக்கிற கழிவு கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கசியும்னு சொல்றாங்க. ஒடம்பு முழுக்க ஒரு எரிச்சல். உப்புன வயிறு காலத் துள்ள வைக்கும். மனசக்கூடக் கெடுக்கலாம்."

"அப்ப முதுகு வயித்தக் கெடுத்துச்சு. வயிறு திருப்பி முதுகக் கெடுக்குதா?"

"எலியில பாத்திருக்காங்க. தண்டு அடிபட்ட எலிக்குக் குடல் கிருமிங்க செத்துப் போயிருந்தா அது தேறுறது மோசமா இருந்துச்சு. நல்ல கிருமி குடுத்தா கொஞ்சம் பரவால்ல. மனுசங்களுக்கு அப்படி நடக்குமான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"தயிர் சாப்ட்டா எந்திரிச்சிடுவேனா டாக்டர்?"

"தயிருக்கு அவ்ளோ பவர் இல்ல அங்கிள். வயிறு ஒழுங்கா இருந்தா வெளிய போகலாம். அது போதாதா?"

அது எனக்கு எவ்வளவு போதும் என்பது அவருக்குத் தெரியாது. கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்றரை வாரம் இருந்தது. பட்டியல் போட்டுக் கொடுத்தார். கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை, பப்பாளி, தயிர், பாசார் சந்தையில் வாழை இலையில் சுற்றி விற்கிற தேம்பே. எல்லாம் கொஞ்சத்திலிருந்து மெல்லக் கூட்ட வேண்டும். ஒரேயடியாகத் தின்றால் இன்னும் உப்பும். தண்ணீர் அளந்து. வயிற்றை வலமிருந்து இடமாகத் தடவ வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும் உட்கார வேண்டும். "அவசரப்படாதீங்க அங்கிள். புதுக் கன்னு நட்ட மாதிரி. வேரு புடிக்க நாளாகும்."

நான் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை. காலையில் கூழ் குடிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வரவேற்புரை ஆற்றினேன். தேம்பேயை மனைவி சம்பால் போட்டு வறுத்தாள். அது சோயா மொச்சையில் பூஞ்சை பிடிக்க வைத்த பண்டம். வேண்டுமென்றே பூஞ்சை பிடிக்க விட்டதைச் சாப்பிடலாம், தயிர் மட்டும் ஆகாது என்று நாங்கள் இவ்வளவு நாள் இருந்தது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. இரண்டாவது வாரம் வயிறு இறங்கியது. கால் துள்ளுவது குறைந்தது. உட்கார்கிற நாளில் நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. வானொலிக்காரர்களை மன்னித்துவிட்டேன்.

கல்யாணம் சனிக்கிழமை. புதன்கிழமை உட்கார்ந்தேன், பேருக்குக் கொஞ்சம்தான் வந்தது. சாதாரண விஷயம். வெள்ளிக்கிழமை மறுபடி உட்கார்ந்தால் சரியாகிவிடும். டாக்டரிடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் வியாழக்கிழமை காலை, மனைவி வேலைக்குப் போன பிறகு, எனக்குள் இருந்த பத்து வயதுத் தோட்டத்துப் பையன் விழித்துக்கொண்டான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளி விடுமுறை விட்ட முதல் நாள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பேதிக்குக் கொடுப்பார்கள். வரிசையாக நிறுத்தி, கடுங்காப்பியில் விளக்கெண்ணெயை ஊற்றி, மூக்கைப் பிடித்து வாயில் சாய்ப்பார்கள். நக்கிக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் உப்பு. அதன்பின் அன்று முழுக்க யாரும் விளையாட்டுக்குப் போக முடியாது. வரிசை மாறி வரிசை நிற்கும், இந்த முறை கக்கூஸ் வாசலில். வயிற்றுவலி, சொறி, சோம்பல் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. எனக்குக் கணக்கு வராததற்காகக்கூட என் அப்பா ஒரு தடவை கொடுத்திருக்கிறார். கணக்கு கடைசி வரை வரவில்லை. ஆனால் வயிற்றை அடியோடு கழுவிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை மட்டும் எலும்பில் ஏறிவிட்டது.

என் யோசனை எளிமையானது. வியாழனன்று கழுவிவிட்டால் சனிக்கிழமை உள்ளே ஒன்றும் இருக்காது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே என்ன வரும்? சமையலறை அடித்தட்டில், நாற்காலியிலிருந்து எட்டுகிற உயரத்தில், விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது. பால் சேர்க்காத கோப்பி ஓவில் மூன்று கரண்டி. உள்ளங்கையில் உப்பும் வைத்துக்கொண்டேன். முறை தவறக் கூடாது அல்லவா?

ஓட்டை நாற்காலியில் ஏறிக் காத்திருந்தேன். பத்து மணி ஆனது. ஒன்றும் இல்லை. மதியம் ஆனது. ஒன்றும் இல்லை. என் குடல் மெதுவானது, எதையும் ஒரு நாள் தாமதமாகத்தான் கேட்கும் என்பதை அந்த டாக்டர் தோட்டம் வைத்தே விளக்கியிருந்தார். நானும் பெரட்டு என்றெல்லாம் பதில் சொல்லியிருந்தேன். இருந்தும் மூன்று மணிக்கு, மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்து, இன்னும் மூன்று கரண்டி குடித்தேன்.

இரண்டு தவணையும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சேர்ந்து வந்து சேர்ந்தன.

அதை நான் விவரிக்கப் போவதில்லை. மெத்தை, நாற்காலி, தரை. வெள்ளிக்கிழமை எங்கள் கெடாவில் வார விடுமுறை என்பதால் மனைவி வீட்டில் இருந்தாள். ஒரு முறை கழுவித் துடைத்து, உடை மாற்றி, நிமிர்ந்தாள். மறுபடியும். மூன்றாவது தடவைதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அடித்தட்டைத் திறந்து புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தன கரண்டி?"

"மூணு."

"மூணுதானா?"

"காலையில மூணு."

"அப்புறம்?"

"சாயங்காலமும் அதே மூணு."

புட்டியை இறுக மூடினாள். பிறகு, "ஏங்க, உங்களுக்கு என்னா, ஸ்கூல் லீவா?" என்றாள்.

டாக்டரின் கிளினிக் அன்று மூடியிருந்தது. அங்கே நர்ஸாக வேலை செய்கிற மலாய் மிசியின் கைப்பேசி எண் எங்களிடம் இருந்தது. தன் விடுமுறை நாளிலும் அந்த மிசி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: நிறுத்துகிற மாத்திரை எதையும் நீங்களாகப் போடாதீர்கள், உப்பும் சர்க்கரையும் கலந்து விற்கிற பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவை கழுவும்போதும் புட்டத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், காய்ச்சலோ ரத்தமோ தலைசுற்றலோ வந்தால் நேராக எமர்ஜென்சிக்கு வர வேண்டும். நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகலாமா என்று மனைவி கேட்டாள். "இக்குட் பாக்சிக்லா" என்றார். பெரியவர் இஷ்டம் என்று அர்த்தம். பெரியவர் சுருண்டு கிடந்தார்.

சாயங்காலத்துக்குள் வெள்ளம் வடிந்தது. நான் போனை எடுத்தேன்.

"அண்ணன்கிட்ட வரலன்னு சொல்லிடறேன். நாளைக்கு மறுபடி வந்துச்சுன்னா?"

"வரும்" என்றாள். "வந்தா கழுவலாம். இன்னைக்கு அஞ்சு தடவ கழுவிட்டேன், ஆறாவது தடவைக்கு என்ன புது டிரெயினிங்கா?" போனைப் பிடுங்கி அவளே பேசினாள். "அண்ணே, நாந்தான். அவரு மேடையில ஏற மாட்டாரு. உங்க சவுண்டு பெட்டி பக்கத்துல உக்கார வைங்க. பெட்டிய தண்டாஸ் கதவு ஓரமா போடுங்க."

கழிவறை ஓரம் என்றதும் அண்ணன் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "தண்டாஸ் பக்கத்துல வச்சா எக்கோ அடிக்கும்மா தங்கச்சி."

"அடிக்கட்டும்."

சனிக்கிழமை டேவானின் மூலையில் கறுப்பு ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தேன். அடியில் தடிமனான பேம்பர்ஸ். மனைவி மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு துணிப்பை: மாற்று உடை, கையுறை, ஈரத்துணி, தூவுகிற பவுடர். மைக்கைக் கையில் வாங்கினேன். முதல் வரியே தவறு. மாப்பிள்ளையின் பெயரைப் பெண்ணுக்கும், பெண்ணின் பெயரை மாப்பிள்ளைக்கும் சூட்டிவிட்டேன். கூட்டம் சிரித்தது. "நாலு வருசமா வீட்டுல ஒருத்தர் பேர மட்டும்தாங்க கூப்பிட்டுப் பழக்கம்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். அதன்பின் குரல் தானாக வந்தது. தாலி கட்டும் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. எக்கோ மட்டும் அடித்தது.

மணமக்களை வாழ்த்த வரிசை நிற்கத் தொடங்கியபோது என் மூக்கு தகவல் சொன்னது.

ஆறு வாரமாக நான் பயந்தது அந்த நிமிடத்துக்குத்தான். மனைவியைத் தேடினேன். அவள் ஏற்கெனவே பையோடு எழுந்து வந்துகொண்டிருந்தாள். என் முகம் மாறினால் அவளுக்குத் தெரியும். மைக்கை அண்ணன் கையில் திணித்தேன். பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒரு மனிதர் என்னைப் பார்த்தார், நாற்காலியை மின்விசிறிப் பக்கமாக நாலு அடி நகர்த்தினார், மறுபடி முறுக்கைக் கடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

தண்டாஸுக்குள் மனைவி வேலையைத் தொடங்கியபோது வெளியே ஒலிபெருக்கியில் அண்ணன் குரல் கேட்டது. வாழ்நாள் முழுக்க மைக்கைச் சோதித்துப் பார்த்தவர், அதில் பேசியதே இல்லை.

"ஆ... அலோ, அலோ. எல்லாரும்... வந்துட்டீங்க. ரொம்ப... வந்ததுக்கு நன்றி. சாப்பாடு... சாப்பாடு பின்னால இருக்கு. தம்பி... தம்பி இப்ப வந்துருவாரு. பாட்டு போடறேன்."

மனைவி கையுறையோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள். எனக்கு வயிறு குலுங்கியது. "சிரிக்காதீங்க, இன்னும் வரும்" என்று அதற்கும் சிரித்தாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. தோல் சிவக்கவில்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகுதான் என்னை வெளியே விட்டாள்.

மைக்கைத் திரும்ப வாங்கினேன். "நம்ம அண்ணன் இருபத்தஞ்சு நிமிசம் அருமையா பேசினாரு. அதுல இருபத்தினாலு நிமிசம் பாட்டு" என்றேன். எந்த வரிசையும் காலியாகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் இடம் கிடைக்காமல் சண்டை. அதைச் சமாளிக்க இன்னும் அரை மணி நேரம் பேசினேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது உண்மையைச் சொன்னேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"மூணு வாரமா கன்னு நட்டு, வேரு புடிக்கிற நேரத்துல அணையத் தொறந்து விட்டிருக்கீங்க."

"எலிக்கு விளக்கெண்ணெய் குடுத்துப் பாத்தாங்களா டாக்டர்?"

"எலிங்க உங்க பேச்சக் கேட்டுக் குடிக்காது அங்கிள்."

மறுபடி கூழிலிருந்து தொடங்கினோம். வயிறு பழைய ஒழுங்குக்கு வர இரண்டு மாதம் ஆனது. நடுவில் கால்கள் துள்ளின. மனைவி அடித்தட்டில் இருந்ததை எல்லாம் மேல்தட்டுக்கு மாற்றினாள். உள்ளே இருப்பவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரட்டுக்கு ஓரளவு வருகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். பண்டார் பாருவில் ஒரு நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம்.

சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தேன்.

"ஒன்பது முடியாதுண்ணே. அன்னைக்கு நான் உக்கார்ற நாளு. பத்தரைக்கு மேலன்னா வர்றேன்."

"விசேச வீட்டுக்காரங்ககிட்ட என்னான்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க. வயித்துக்கு நேரம் பாக்கணும்னு சொல்லுங்க."

"சரி, பத்தரைக்கு மேல நல்ல நேரம் இருக்கான்னு ஐயரக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாதிக் கட்டு முடிவதற்குள் திரும்ப அழைத்தார். இருக்கிறதாம்.